பைண்டிங் திரும்பத் திரும்பக் கழன்றால்: முறுக்குவதா, பசை போடுவதா, திருகையே மாற்றுவதா?

பனியில் சறுக்கும் பலகையான ஸ்னோபோர்டில், பூட்ஸைப் பலகையோடு பூட்டி வைக்கும் பைண்டிங் லூஸாவது காலுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். குதிகால் விளிம்பிலிருந்து விரல் விளிம்புக்கு மாறும் கணத்தில் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். முதல் தடவை கேட்டபோது பூட்ஸின் வார்தான் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை, அடியில் பனி ஒட்டியிருக்கும் என்று பலகையைத் தட்டிவிட்டுக் கிளம்பினேன். மூன்றாம் தடவை சரிவின் ஓரமாகப் போய் உட்கார்ந்து பின்கால் பைண்டிங்கைப் பிடித்து ஆட்டினால், ஆடுகிறது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான்கு திருகில் இரண்டை விரல் நுனியாலேயே சுழற்ற முடிந்தது.

அன்று சாயங்காலம் நான்கையும் நன்றாக முறுக்கினேன். மறுநாள் மதியத்துக்குள் அதே டக். அதற்கு மறுநாளும் அப்படித்தான். விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தினமும் காலையில் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றார் ஒருவர். திருகின் மரையில் போடும் நீலப் பசை ஒரு சொட்டு போதும் என்றார் இன்னொருவர். ஸ்பிரிங் வாஷர், டெஃப்லான் டேப், புதுத் திருகு, கடைசியில் பைண்டிங்கையே மாற்றிவிடுங்கள் என்பது வரைக்கும் வந்தது. இதில் பாதி வைத்தியம் நல்ல வைத்தியம்தான். ஆனால் எந்த நோய்க்கு எது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சும்மா ஆடிக்கொண்டிருக்கிற சமாச்சாரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கால் கழன்று இன்னொரு கால் பலகையோடு பூட்டிக்கிடக்கும்போது விழுந்தால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால் எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் எது கழல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மார்க்கரால் ஒரு கோடு

இதற்கு ஆகும் செலவு ஒரு வெள்ளை மார்க்கர். திருகுகளை இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து பக்கத்து டிஸ்க் (பைண்டிங்கின் நடுவில், திருகுகள் நுழையும் வட்டத் தகடு) வரைக்கும் நேராக ஒரு கோடு போடுங்கள். இயந்திரக் கூடங்களில் போல்ட்டுகளில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ கோடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். அரை நாள் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

கோடு முறிந்து தலைப்பக்கம் ஒரு பாதியும் டிஸ்க் பக்கம் ஒரு பாதியும் விலகி நின்றால் திருகு சுழன்றிருக்கிறது. கோடு நேராகவே இருந்தும் பைண்டிங் ஆடினால் திருகு நகரவே இல்லை. அதற்கு அடியில் இருக்கிற ஏதோ ஒன்று அமுங்கியிருக்கிறது, அல்லது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பார்வைக்கு இரண்டும் லூஸ்தான். ஆனால் முதலாவதற்குப் பசை உதவும், இரண்டாவதற்குப் பசையைக் குடம் குடமாக ஊற்றினாலும் பலன் இல்லை. சுழலாத திருகைச் சுழலாமல் தடுத்து என்ன ஆகப்போகிறது?

ஏன் இப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருகை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்ட உலோகம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது, அந்த இழுப்புதான் டிஸ்க்கைப் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. நீளமான போல்ட்டாக இருந்தால் நிறைய நீளும், அடியில் கொஞ்சம் அமுங்கினாலும் இழுப்பு மிச்சம் இருக்கும். பைண்டிங் திருகோ குட்டையானது. தலைக்கும் பலகைக்குள் பதித்திருக்கும் மரை போட்ட உலோகக் குழலான இன்செர்ட்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அது மொத்தமாக நீள்வது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தலைக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக். அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொடுக்கும். குளிரில் எஃகைவிட அதிகமாகச் சுருங்கவும் செய்யும். கதகதப்பான அறையில் இறுக்கி, மைனஸ் 15 டிகிரியில் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த நூறில் ஒரு பங்கு தானாகவே கரைந்துவிடும்.

இறுக்கம் குறைந்தபிறகு என்ன நடக்கிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்ச்சியைவிடப் பக்கவாட்டில் வரும் அசைவுதான் அதைச் சுழற்றிக் கழற்றுகிறது. இரண்டு பரப்புகள் பக்கவாட்டில் இம்மியளவு வழுக்கினால்கூட மரை ஒவ்வொரு வழுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். ஸ்னோபோர்டில் நாம் நாள் முழுக்கச் செய்வதே பக்கவாட்டில் தள்ளுவதுதான்.

ஆக, திருகு சுழல்வதற்கும் தாய் நோய் இறுக்கம் போவதுதான். பசை இரண்டாவது காவல். முதல் காவலை நிற்க வைக்காமல் இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

என் பின்கால் பைண்டிங்கில் கோடு போட்டுப் பார்த்த கதை வேடிக்கையானது. இரண்டு திருகில் கோடு முறிந்திருந்தது. மற்ற இரண்டில் மயிரிழைகூட விலகவில்லை. விலகாத இரண்டும் நல்ல திருகு, விலகிய இரண்டும் கெட்ட திருகு என்றுதான் நானும் நினைத்தேன். நேர் எதிர்.

காசு செலவில்லாத வழி: நீளமும் அழுக்கும்

பெரும்பாலான பலகைகளின் இன்செர்ட்டில் இருப்பது எம்6 (6 மில்லிமீட்டர் விட்டம்) மரை, அதன் இடைவெளி 1 மில்லிமீட்டர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு திருகு 1 மில்லிமீட்டர் இறங்கும். இது பெரிய வசதி, அளவுகோல் இல்லாமலே ஆழத்தை அளந்துவிடலாம். பைண்டிங்கை எடுத்துவிட்டு வெறும் இன்செர்ட்டில் திருகை விரலால் நட்டு, சுற்றுகளை எண்ணிக்கொண்டே இறக்குங்கள். மெதுவாகத் தட்டி நிற்கிற இடத்தில் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் தள்ளவேண்டாம். எட்டுச் சுற்று போனால் உள்ளே எட்டு மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. அடுத்து அதே திருகை டிஸ்க்கின் ஓட்டை வழியாக, வாஷரோடு நுழைத்து, அடிப்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நீட்டிக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் இடத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அதே சமயம் ஐந்தாறு சுற்றாவது மரை பிடிக்கவும் வேண்டும்.

நீளம் கூடினால் திருகின் முனை இன்செர்ட்டின் அடியில் போய் முட்டிக்கொள்ளும். திருப்புளிக்கு அது டைட்டாகத் தெரியும், டிஸ்க்குக்கு அது லூஸ். தலைக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி நிற்கும். இன்னும் விடாமல் முறுக்கினால் இன்செர்ட் கீழே தள்ளப்பட்டு, பலகையின் அடிப்பரப்பில் சின்னக் கொப்புளம் மாதிரி ஒரு மேடு வரும். பலகையைக் கவிழ்த்து, விரலால் தடவினால் தெரியும். இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் 'நல்லா டைட் பண்ணியும் நிக்கல' என்று மேலும் முறுக்கிய புண்ணியவான்கள்தான்.

என் விஷயத்தில் நடந்தது இதேதான். நான்கு திருகையும் கழற்றி மேசையில் தலைகீழாக வரிசையாக நிறுத்தினேன். பள்ளிக்கூட வரிசையில் உயரமான பையன்கள் மாதிரி இரண்டு மட்டும் தலை தூக்கி நின்றன. ஒன்றுக்கொன்று 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. எப்போதோ பழைய பைண்டிங்கிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருந்தவை கலந்துவிட்டிருக்கின்றன. அந்த நீளமான இரண்டும் அடியில் முட்டிக்கொண்டு அசையாமல் இருந்தன, அதனால்தான் கோடு முறியவில்லை. அவை எதையும் பிடிக்கவும் இல்லை. மொத்த பாரத்தையும் சுமந்த மற்ற இரண்டும் தாங்காமல் சுழன்றன. நான்கிலும் பசை தடவியிருந்தால் இன்னும் ஒரு வாரம் ஏமாந்திருப்பேன்.

அடுத்தது டிஸ்க்கின் பற்கள். டிஸ்க்கின் விளிம்பிலும் பைண்டிங்கின் அடித்தட்டான பேஸ்பிளேட்டிலும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ள வரிவரியாகப் பற்கள் இருக்கும். கால் நிற்கும் கோணத்தை மாற்றும்போது டிஸ்க் அரைப் பல் தள்ளி, பல்லின் மேல் பல்லாக உட்கார்ந்துவிட்டால் திருகு இறுகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். முதல் திருப்பத்திலேயே பல் பள்ளத்தில் விழும், விழுந்ததும் இறுக்கம் பூஜ்யம். பற்களுக்கு நடுவே பனி இருந்தாலும் இதே கதை. மலைமேல் அவசரமாகக் கோணம் மாற்றுகிறவர்கள் பனிக்கட்டியின் மேல் டிஸ்க்கை வைத்து இறுக்குகிறார்கள். கட்டி உருகியதும் அந்தத் தடிமன் அளவுக்கு லூஸ் வருகிறது. பலகை, டிஸ்க், இன்செர்ட் எல்லாவற்றையும் உலர்த்தித் துடைத்துவிட்டுப் பொருத்துவதுதான் சரி. திருகுகளைப் பாதி வரை விரலால் இறக்கிவிட்டு, பேஸ்பிளேட்டைக் கையால் லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினால் பல் தானாக உட்காரும். அப்புறம் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

திருப்புளி விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்தத் திருகுகளுக்கு வேண்டியது 3-ஆம் எண் சிலுவை (ஃபிலிப்ஸ்) முனை. வீட்டில் எல்லோரிடமும் இருப்பது 2-ஆம் எண். அதுவும் உள்ளே போகும், சுழற்றவும் செய்யும், ஆனால் இறுக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வழுக்கி வெளியே வந்து சிலுவைக் குழியை மழுக்கிவிடும். சிலுவைக்கு நடுநடுவே மெல்லிய கோடுகள் இருந்தால் அது ஃபிலிப்ஸ் இல்லை, போஸிட்ரைவ். அதற்கு அதன் முனைதான் சரியாகப் பொருந்தும். ட்ரில் மெஷின் வேண்டவே வேண்டாம். இன்செர்ட்டின் மரையைத் தின்பதில் அதைப்போல வேகமானது வேறில்லை.

தினமும் முறுக்கிக்கொண்டே இருப்பது

இதைச் சோம்பேறி வைத்தியம் என்று பலர் கேலி செய்கிறார்கள். வாடகைப் பலகையில் நான்கு நாள் ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சட்டைப்பையில் ஒரு குட்டித் திருப்புளி, காலையில் எட்டுத் திருகையும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது, மதியம் இன்னொரு தடவை. வெளியே, குளிரில் வைத்து இறுக்குவது அறைக்குள் இறுக்குவதைவிட மேல்.

புதிதாகப் பொருத்திய பைண்டிங் முதல் இரண்டு மூன்று இறக்கத்துக்குப் பிறகு கொஞ்சம் இறுக்கம் கேட்பதும் இயல்புதான், எல்லாம் படிந்து உட்காருகிறது. ஆனால் மூன்றாவது நாளும் அதே திருகு கால் சுற்று போகிறது என்றால் அது படிவது இல்லை. ஒவ்வொரு நாளும் முறுக்க முறுக்கத் தலை பிளாஸ்டிக்கில் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் டிஸ்க்கின் ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரியும். அது விரிசலின் ஆரம்பம்.

நீலப் பசை

நீளம் சரி, சுத்தம் சரி, பல் சரி, அப்படியும் கோடு முறிகிறது என்றால் இப்போது பசையைப் பற்றிப் பேசலாம்.

மரைப்பசை சாதாரணப் பசை மாதிரி காற்றில் காய்வதில்லை. காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கெட்டியாகும். திருகின் மரைக்கும் இன்செர்ட்டின் மரைக்கும் நடுவே அது நிகழ்கிறது. வெளியே வழிந்தது திரவமாகவே கிடக்கும். லாக்டைட் என்ற பிராண்டின் வகைகளில் நீலம் நடுத்தர பலம். கைத்திருப்புளியால் திரும்பக் கழற்றிவிடலாம். அதிலும் 242, 243 என்று இரண்டு எண்கள் உண்டு. பைண்டிங் திருகும் இன்செர்ட்டும் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. இந்த உலோகத்தில் மரைப்பசை பொதுவாகச் சோம்பலாகத்தான் கெட்டியாகும். 243 இதற்கும் ஒத்துவருகிற மாதிரி செய்யப்பட்டது, லேசான எண்ணெய்ப் பிசுக்கையும் தாங்கும். தேர்வு இருந்தால் 243 வாங்குவேன்.

சிவப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். 271 மாதிரியான சிவப்பு வகைகளைக் கழற்றச் சுமார் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடுபடுத்தச் சொல்கிறார்கள். பலகையின் அடிப்பரப்பு பாலிஎத்திலீன், அது 130 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அடுக்குகளை ஒட்டிவைத்திருக்கும் எபாக்ஸியும் அந்தச் சூட்டுக்குத் தாங்காது. ஆக, சிவப்புப் போட்டுவிட்டால் அந்தத் திருகு பலகையோடு வாழ்ந்து பலகையோடு போகும், இல்லையென்றால் துளைபோட்டு எடுக்கவேண்டும்.

நீலத்துக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு, டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. கெட்டியாகாத திரவம் பாலிகார்பனேட், ஏபிஎஸ் மாதிரி சில பிளாஸ்டிக்குகளில் பட்டால், ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் இடத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். டிஸ்க்குகள் கண்ணாடி இழை கலந்த நைலானாக இருக்கலாம், பாலிகார்பனேட்டாக இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் திருகில் தாராளமாகத் தடவி டிஸ்க் வழியாக நுழைப்பது தவறு. நான் செய்வது இப்படி: திருகை முதலில் டிஸ்க்கில் நுழைத்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையின் நடுவில் ஒரே ஒரு சின்னச் சொட்டு விட்டு, விரலில் சுற்றிய காகிதத்தால் அதிகப்படியை ஒற்றியெடுத்துவிட்டு, பிறகு பலகையில் வைத்து இறக்குவேன். இன்செர்ட்டுக்குள் சொட்டு விடுவதைத் தவிர்க்கிறேன். அடி மூடிய ஓட்டை அது, உள்ளே இருக்கும் காற்று பசையை மேலே தள்ளி, நேராக டிஸ்க்கின் அடியில் கொண்டுவந்து சேர்க்கும். குச்சி வடிவிலும் நீலப் பசை கிடைக்கிறது, லிப்ஸ்டிக் மாதிரி தேய்க்கலாம், வழியாது. பைண்டிங்குக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து.

முழுசாகப் பிடிக்க 24 மணிநேரம் ஆகும், குளிரில் இன்னும் கூடும். வண்டி நிறுத்துமிடத்தில் போட்டுவிட்டு உடனே லிஃப்டில் ஏறினால் போட்டதற்கே அர்த்தமில்லை. முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்குள், வெதுவெதுப்பில் செய்யவேண்டிய வேலை. இன்னொன்று: ஒரு தடவை கழற்றிவிட்டால் கட்டு உடைந்தது உடைந்ததுதான். உதிர்ந்த தூளைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும்.

நீலப் பசைக்கும் அடுத்து வருவதற்கும் நடுவில் முடிவெடுக்க உதவுவது இந்தக் கடைசிக் குணம்தான்.

முன்பே காய்ந்த பூச்சு, நைலான் ஒட்டுத் திருகு

புதுப் பைண்டிங்கோடு வரும் திருகை உற்றுப் பார்த்தால் மரையின் ஒரு பக்கம் நீலமாகவோ வேறு நிறத்திலோ ஒரு திட்டு இருக்கும். பலர் அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். அது நைலான் ஒட்டு. மரைக்குள் நெருக்கமாகத் திணிந்துகொண்டு, உராய்வால் திருகைச் சுழலவிடாமல் பிடிக்கிறது. ஒட்டுவதில்லை, அதனால் காத்திருக்கவும் வேண்டாம், உடனே ஓட்டலாம். கழற்றி மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். தேய்ந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி: திருகை இன்செர்ட்டில் விரலால் சுழற்றுங்கள். ஒட்டு உயிரோடு இருந்தால் சில சுற்றுக்குப் பிறகு விரலுக்கு மக்கர் செய்யும், திருப்புளி கேட்கும். அடி வரைக்கும் விரலாலேயே வழுக்கிக்கொண்டு போனால் அதன் காலம் முடிந்தது.

அதே வேலையை வீட்டிலேயே செய்யும் பூச்சுகளும் உண்டு. வைப்ரா-டைட் விசி-3 மாதிரியானவை. மரையில் தடவி, வெளியே வைத்தே காயவிட்டு, காய்ந்தபிறகு முடுக்கவேண்டும். ரப்பர் மாதிரி பிடித்துக்கொள்ளும், பல தடவை கழற்றி மாட்டலாம். காய்ந்தபிறகு டிஸ்க்குக்குள் போவதால் பிளாஸ்டிக்கில் வழியும் பயம் இல்லை.

நின்று பிடிக்கும் பலத்தில் நீலப் பசை ஒரு படி மேல். ஆனால் பைண்டிங்கை நீங்கள் எத்தனை தடவை கழற்றுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மெழுகு போடும்போது பைண்டிங்கை எடுத்துவிடுவது நல்ல பழக்கம், எடுக்காவிட்டால் திருகின் இழுப்பால் அடிப்பரப்பில் விழும் சின்னக் குழிகள் அப்படியே நிற்கும். பயணத்துக்குக் கழற்றுவீர்கள். ஆழமான புதுப்பனிக்கு நிற்கும் இடத்தைப் பின்னால் தள்ளுவீர்கள். கோணம் இன்னும் பிடிபடாமல் வாரம் ஒரு தடவை மாற்றிக்கொண்டிருக்கும் ஆள் என்றால் நீலப் பசை உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் 24 மணிநேரத் தண்டனை. கோணத்தைத் தீர்மானித்துவிட்டு சீசன் முழுக்கத் தொடாத ஆளுக்கு நீலம். மற்ற எல்லோருக்கும் ஒட்டுத் திருகு அல்லது காய்ந்த பூச்சு. நான் இரண்டாவது கட்சி.

வாஷரும் இன்ன பிற நம்பிக்கைகளும்

ஸ்பிரிங் வாஷரைப் பற்றிய நம்பிக்கை எங்கும் இருக்கிறது. 1990-இல் நாசா வெளியிட்ட திருகு, போல்ட் வடிவமைப்புக் கையேடே அதைப் பற்றித் தயவில்லாமல் எழுதியிருக்கிறது: முழுசாக இறுக்கி முடிக்கும்போது அது தட்டையாகிவிடுகிறது, அதன்பிறகு சாதாரண வாஷருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, பூட்டும் சக்தி என்று எதுவும் இல்லை. நட்சத்திர வாஷரும், சாய்வுப் பல் வைத்த ஜோடி வாஷரும் உலோகத்தைக் கடித்தால்தான் வேலை செய்யும், பிளாஸ்டிக்கைக் கடித்தால் அதைச் சீவிவிடும். சாதாரணத் தட்டை வாஷர் அப்படியில்லை. தலையின் அழுத்தத்தைப் பரவலாக்கி, பிளாஸ்டிக் அமுங்குவதைக் குறைக்கிறது. பைண்டிங்கோடு வாஷர் வந்திருந்தால் தொலைக்காதீர்கள்.

டெஃப்லான் டேப் தண்ணீர்க்குழாய்க்கு. அது வழுக்கும் பொருள், பூட்டாது. மரப்பசை போடச் சொல்கிறவர்கள் பனிச்சறுக்கு ஸ்கீயோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே திருகு நேராக மரத்தில் இறங்குகிறது, பசைக்கு வேலை உண்டு. இங்கே உலோக மரை. நகப்பூச்சு கோடு போட மட்டும் உதவும்.

இன்செர்ட்டுகளுக்குப் பதிலாக நீளமான ஒரு பள்ளம், அதாவது சேனல், உள்ள பலகை என்றால் ஒரு காலுக்குப் பெரும்பாலும் இரண்டே திருகு, அவை நகரும் குட்டி நட்டுகளில் இறங்குகின்றன. பாரம் அதிகம், அதனால் நட்டு சேனலுக்குள் நேராகத் திரும்பி உட்கார்ந்திருக்கவேண்டும், சேனலில் பனியோ மணலோ கூடாது. சேனலுக்கென்று வருகிற திருகைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

திருகு சுழன்றுகொண்டே இருந்தால்

முறுக்க முறுக்கச் சுழல்கிறது, இறுகவும் இல்லை, வெளியேயும் வரவில்லை. இது மனிதர்களைச் சொல்லும் மரை கழன்ற கேஸ் இல்லை, நிஜமாகவே மரை போன கேஸ். இரண்டு வகை. மரை மட்டும் தேய்ந்திருந்தால் திருகை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு சுழற்றினால் வெளியே வந்துவிடும். மேலோட்டமாகக் கெட்டிருந்தால் எம்6, 1 மில்லிமீட்டர் மரைவெட்டியைக் கையால் மெதுவாக இறக்கிச் சுத்தம் செய்யலாம். இன்செர்ட்டே பலகைக்குள் சுழல்கிறது என்றால் வீட்டு வேலை முடிந்தது. துளைத்தெடுத்து எபாக்ஸியில் புது இன்செர்ட் பதிக்கத் தெரிந்த ஆளிடம் போகவேண்டும், அல்லது அந்தப் பலகைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும்.

அதற்கு முன்னால் யாரும் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான பலகைகளில் ஒரு காலுக்கு நான்குக்கும் அதிகமான இன்செர்ட்டுகள் உண்டு. 2x4 வரிசை (நீளவாக்கில் 2, குறுக்கே 4 சென்டிமீட்டர் இடைவெளி) என்றால் 2 சென்டிமீட்டருக்கு ஒரு ஜோடி. டிஸ்க்கை ஒரு ஜோடி தள்ளி வைத்து, கெட்டதை ஒதுக்கிவிடலாம். டிஸ்க்கிலேயே ஓட்டைகள் பல இருப்பதால் அந்த நகர்வில் பாதியை டிஸ்க்கில் ஈடுகட்டலாம். நிற்கும் அகலம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் இரண்டு நாளில் கால் மறந்துவிடும். மூன்று திருகோடு ஓட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். மூன்று திருகு என்பது அந்த இறக்கத்தை மெதுவாக முடித்துக் கீழே வந்து சேர மட்டும்.

டிஸ்க்கின் பல் மழுங்கியிருந்தாலோ ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தாலோ டிஸ்க்கை மட்டும் மாற்றலாம், பல தயாரிப்பாளர்கள் தனியாகத் தருகிறார்கள். பைண்டிங்கையே மாற்றுவது கடைசி. மாற்றினால் அதோடு வந்த திருகையே போடுங்கள். டப்பாவில் கிடக்கும் பழைய திருகைப் போட்டால் பழைய நோயும் கூடவே குடிவரும்.

வார், முதுகுப்பலகைத் திருகுகள்

நான் அந்த நீளத் திருகு இரண்டையும் எடுத்துவிட்டு, மற்ற இரண்டின் அளவிலேயே ஒட்டு உள்ள புதுத் திருகு போட்டேன். பற்களைத் துடைத்து உட்கார வைத்தேன். கோடு போட்டேன். முதல் நாள் மதியம் பார்த்தேன், நேராக இருந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்கு கோடும் அப்படியே. நான்காம் நாள் லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போது முன்கால் விரல்வார் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த சின்னத் திருகு எங்கேயோ பனியில் போய்விட்டது. டிஸ்க் திருகையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வாரையும், காலின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும் முதுகுப்பலகையையும் பிடிக்கும் திருகுகள் குட்டையானவை, சுற்றிலும் பிளாஸ்டிக். இங்கே நீலப் பசையைத் திரவமாக விடவேண்டாம், காய்ந்த பூச்சு சரி. வார் தடையில்லாமல் மடங்கவேண்டும் என்பதால் பலம் கொண்ட மட்டும் முறுக்கவும் கூடாது. சட்டைப்பையில் திருப்புளியோடு ஒரு வார்த்திருகும் அதன் நட்டும் இருந்தால் போதும். அன்று என்னிடம் இல்லை. லிஃப்ட் இறங்குமிடத்தில் வாரை ஒரு பூட்ஸ் கயிறால் கட்டிக்கொண்டு, எளிதான தடத்தில் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கீழே வந்தேன்.